எண்ணுக்கு உருவம் தந்தவர்கள்

எண்ணும் எழுத்தும் கல்வியின் இரு தூண்கள் என்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவரும் கொள்கை. எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் படத்தைத் துணைக்கொள்வர். அணிலும் ஆடும் இலையும் ஈயும் பிள்ளையின் கண்முன் வந்து நிற்கும். எண்ணைக் கற்பிக்கும்போதும் தொடக்கத்தில் படம் உண்டு. மூன்று மாம்பழம், ஐந்து கிளி என்று பிள்ளை எண்ணிப் பழகும். ஆனால் எண் சற்றே பெரிதானதும் படம் மறைந்துவிடுகிறது. முந்நூறு என்று எழுதவும் ஐந்நூறு என்று படிக்கவும் பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஒன்று மற்றொன்றினும் எவ்வளவு பெரிது என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்போ அதற்குக் கிட்டுவதில்லை.

அவ்வாய்ப்பைத் தருவதற்கென்றே பிறந்த கருவி ஒன்று உண்டு. வரைபடம் என்று பொதுவாகவும், குறிவரைவு என்று மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் கணக்குப் பாடத்திலும் வழங்குவது அதுவே. படக்குறிவரைவும் பட்டைக் குறிவரைவும் இன்று தொடக்க வகுப்புகளிலேயே இடம்பெற்றுள்ளன. சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் முதல் வகுப்புப் பிள்ளைகள் படக்குறிவரைவைப் படிக்கின்றனர். மூன்றாம் வகுப்பில் பட்டைக் குறிவரைவு வருகிறது. எனினும், கட்டங்களுக்கு வண்ணம் தீட்டும் கைவேலை என்ற அளவிலேயே பலர் இதனை மதிக்கின்றனர். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் தரும் எளிய கேள்வி என்பதற்குமேல் இதில் என்ன இருக்கிறது என்று கேட்பாரும் உளர்.

இக்கருவியின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கேளார். அது ஒரு சிறுவனின் பாடத்தில் தோன்றி, வணிகர் கையிலும் அரசர் அவையிலும் உலவி, மருத்துவமனையில் உயிர்காத்து, இறுதியில் மீண்டும் சிறுவர் கைக்கே வந்து சேர்ந்தது.

ஒரு சிறுவனும் ஒரு வெப்பமானியும்

ஸ்காட்லாந்து நாட்டில் தண்டீ நகருக்கு அண்மையில் ஜேம்ஸ் பிளேஃபேர் என்னும் சமயகுரு ஒருவர் வாழ்ந்தார். 1772-இல் அவர் இறந்தபோது, 1759-இல் பிறந்த அவர்தம் மகன் வில்லியம் பிள்ளைப்பருவத்தைக் கடக்கவில்லை. மூத்த மகன் ஜான், கணக்கில் பெரும்புலமை உடையவர். 1785-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கணக்குப் பேராசிரியரானவர். தம்பியின் கல்விப் பொறுப்பு அண்ணன் தோளில் விழுந்தது.

அண்ணன் தந்த பயிற்சிகளுள் ஒன்று நாள்தோறும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துவைப்பது. குறித்த எண்களை அளவுகோலிட்ட தாளில் கோடுகளாகவும் வரைந்துகாட்டும்படி அவர் பணித்தார். ஒரு நாளின் வெப்பம் கூடினால் கோடு உயரும், குறைந்தால் தாழும். நாள்கள் செல்லச் செல்ல, வெப்பம் ஏறி இறங்கிய வரலாறு முழுவதும் ஒரே பார்வையில் விளங்கியது. எண்ணால் சொல்லக்கூடியது எதுவாயினும் அதனைக் கோட்டாலும் காட்டலாம் என்று அண்ணன் கற்பித்ததாக வில்லியம் பிற்காலத்தில் நன்றியுடன் எழுதினார்.

இதில் ஆசிரியர் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்தச் சிறுவனுக்கு வரைபடம் ஒன்றைக் கொடுத்து, இதைப் படி என்று எவரும் சொல்லவில்லை. அவனே பார்த்தான், அவனே குறித்தான், அவனே வரைந்தான். தான் திரட்டிய விவரத்தைத் தானே வரைந்தமையால் ஒவ்வொரு கோட்டின் பொருளும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

வணிகர் கைக்குச் சென்ற கருவி

வளர்ந்த வில்லியம், நீராவிப் பொறியால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் படவரைவாளராகப் பணியாற்றினார். பின்னர் 1786-இல், இங்கிலாந்தின் வணிகத்தையும் அரசியல் நிலையையும் விளக்கும் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதில் 44 வரைபடங்கள் இருந்தன. ஒரு நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த பொருளின் மதிப்பு ஒரு கோடாகவும், அங்குச் சென்ற பொருளின் மதிப்பு மற்றொரு கோடாகவும் ஆண்டுவாரியாக ஓடும். இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட வெளி, ஆதாயமா இழப்பா என்பதைக் கூறும். பல பக்கம் நிறைந்த எண்பட்டியலைப் பொறுமையாகப் படித்தாலும் கிட்டாத தெளிவு ஒரு நொடியில் கிட்டியது.

அந்நூல் வெளிவருமுன் வாட் ஓர் அறிவுரை கூறினார். படங்களை எந்த எண்களைக்கொண்டு வரைந்தாரோ அவ்வெண்களின் பட்டியலையும் உடன் அச்சிடுவது நன்று என்பதே அது. படம் மட்டும் இருந்தால் படிப்பவர் ஐயுறுவர். பட்டியலும் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துத் தெளிவர். பட்டியல் முன்னும் படம் பின்னுமாகக் கற்பிக்கும் இன்றைய முறைக்கு இதனினும் நல்ல காரணம் வேண்டுவதில்லை.

அந்த 44 படங்களுள் ஒன்றுமட்டும் மற்றவற்றினின்று வேறுபட்டது. ஸ்காட்லாந்தின் வணிகத்தைக் காட்டப் புகுந்த பிளேஃபேருக்குப் பல ஆண்டுக் கணக்கு கிடைக்கவில்லை. ஓராண்டுக் கணக்கே கிடைத்தது. ஓராண்டை வைத்துக்கொண்டு ஏறி இறங்கும் கோட்டை எங்ஙனம் வரைவது? ஆகவே, ஸ்காட்லாந்து வணிகம் செய்த 17 நாடுகளையும் இடங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே வரவுக்கு ஒரு பட்டையும் செலவுக்கு ஒரு பட்டையும் வரைந்தார். விவரக் குறைவால் வேறுவழியின்றிச் செய்த அப்படமே உலகெங்கும் பள்ளிப்பிள்ளைகள் வரையும் பட்டைக் குறிவரைவுக்கு முன்னோடி ஆயிற்று.

1801-இல் வெளியிட்ட மற்றொரு நூலில் வட்டக் குறிவரைவையும் அவரே முதன்முதல் கையாண்டார். துருக்கியப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களில் எவ்வெவ்வளவு பரவியிருந்தது என்பதை ஒரு வட்டத்தை மூன்றாகப் பகுத்துக் காட்டினார். கோடு, பட்டை, வட்டம் என்று இன்று பாடநூல்களில் நிற்கும் மூன்றனையும் உலகுக்குப் பரப்பிய அம்மனிதர், 1823-இல் வறுமையில் இறந்தார்.

படமும் பொய் சொல்லும்

வரைபடம் உண்மையை விரைந்து காட்டும். அதே விரைவில் பொய்யையும் காட்டும். இதனை உணர்ந்து தம்மைத் தாமே திருத்திக்கொண்டவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

1854-இல் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்க்குத் தொண்டாற்றச் சென்ற அவர், பகைவர் குண்டால் மாண்டவர் சிலராகவும், தூய்மையற்ற சூழலில் பரவிய நோயால் மாண்டவர் மிகப் பலராகவும் இருந்ததைக் கண்டார். நாடு திரும்பிய பின்னர், வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞரின் துணையோடு அந்த இறப்புக் கணக்கைத் தொகுத்து, 1858-இல் வட்டவடிவப் படங்களாக வெளியிட்டார். ஒவ்வொரு மாதமும் ஒரு துண்டம். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வண்ணம். தடுத்திருக்கக்கூடிய நோயால் நேர்ந்த இறப்பைக் குறித்த வண்ணமே மற்ற வண்ணங்களை விழுங்கி நின்றது. எண்களைப் புரட்டிப்பார்க்கப் பொழுதில்லாத அமைச்சரும் அப்படத்தைக் கண்டு உண்மை உணர்ந்தனர்.

முதலில் அவர் வரைந்த படங்களில் நடுப்புள்ளியிலிருந்து செல்லும் தொலைவே அளவாக இருந்தது. தொலைவு இருமடங்கானால் துண்டத்தின் பரப்பு நான்கு மடங்காகிவிடும். பார்ப்பவர் கண் தொலைவை அளப்பதில்லை, பரப்பையே காண்கிறது. ஆகவே அப்படம் உண்மையை மிகைப்படுத்திக் காட்டியது. இதனை அறிந்ததும் அம்மையார் முறையை மாற்றிக்கொண்டு, பரப்பையே அளவாக வைத்து வரையலானார். மிகைப்படுத்தியது அவர் கட்சிக்கு வலுவூட்டிய மிகைதான். ஆயினும் அதனை அவர் ஏற்கவில்லை. வரைபடம் கற்பிக்கும் எந்த வகுப்பிலும் சொல்லத்தக்க வரலாறு இது.

பள்ளிக்குள் நுழைந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வரைபடம் பொறியாளர்க்கும் பொருளியலார்க்கும் உரிய கருவியாகவே இருந்தது. 1901-இல் கிளாஸ்கோ நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் மாநாட்டில் ஜான் பெரி என்னும் பொறியியல் பேராசிரியர், கணக்குக் கல்வி செயலோடு இணைய வேண்டும் என்று வற்புறுத்தினார். பழைய வடிவக்கணக்கு மெய்ப்பிப்புகளை மனப்பாடம் செய்வதைக் குறைத்துக் கட்டமிட்ட தாளில் வரைந்து பழகவேண்டும் என்பது அவர் கொள்கை. அதனையொட்டி வரைபடம் உயர்நிலைப் பள்ளிகளில் இடம்பெற்றது.

ஆயினும் அது பெரிய மாணவர்க்கு உரிய பாடமாகவே இருந்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கும், பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குச் சென்றோர்க்கும் நாட்டின் புள்ளிவிவரம் புரியும் என்று எவரும் எண்ணவில்லை. அவ்வாறு எண்ணத் துணிந்தவர் வியன்னா நகரத்தில் தோன்றினார்.

வியன்னா நகரத்து அருங்காட்சியகம்

1882-இல் வியன்னாவில் பிறந்த ஓட்டோ நொய்ராத் பொருளியலிலும் மெய்யியலிலும் வல்லவர். சிறுவயதில் அருங்காட்சியகத்தில் கண்ட பழைய எகிப்தியரின் பட எழுத்து அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஒரே மாதிரியான மனித உருவங்களும் விலங்குருவங்களும் வரிசையாக நின்று செய்தி சொல்வதைக் கண்டு அவர் வியந்தார்.

முதல் உலகப்போர் 1918-இல் முடிந்தபோது வியன்னா நகரம் வறுமையிலும் நோயிலும் வீட்டுப் பஞ்சத்திலும் தவித்தது. மாநகராட்சி வரிப்பணத்தைக்கொண்டு தொழிலாளர்க்கு வீடு கட்டத் தொடங்கியது. 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. எத்தனைக் குழந்தைகள் பிறக்கின்றன, எத்தனை இறக்கின்றன, காசநோய் எந்தப் பகுதியில் மிகுதி, வரிப்பணம் எங்குச் செல்கிறது என்பனவற்றை நகரமாந்தர் அறியவேண்டும் என்று நொய்ராத் கருதினார். அறியாத மக்கள் நல்லாட்சியையும் மதிப்பிட இயலாது. தீயாட்சியையும் தட்டிக்கேட்க இயலாது. ஆனால் அச்செய்திகளோ எண்பட்டியல்களில் புதைந்து கிடந்தன.

1925-இல் மாநகராட்சியின் துணையோடு சமுதாயப் பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றை அவர் நிறுவினார். பழம்பொருள் எதுவும் அதில் இல்லை. சுவரெங்கும் படங்களே இருந்தன. அப்படங்களை ஆக்கிய முறை வியன்னா முறை எனப் பெயர்பெற்றது.

அம்முறையின் தலையாய விதி மிக எளியது. பொருள் மிகுந்தால் குறியின் எண்ணிக்கை மிகவேண்டும். குறியின் உருவம் பெருக்கலாகாது. ஒரு நாட்டில் மாடுகள் ஒரு காலத்தில் 100; பின்னர் 200 என்க. சிறிய மாடு ஒன்றையும் அதனினும் இருமடங்கு உயரமுள்ள பெரிய மாடு ஒன்றையும் வரைந்து காட்டுவது அக்கால வழக்கம். உயரம் இருமடங்கானால் அகலமும் இருமடங்காகும். படத்தின் பரப்பு நான்கு மடங்காகிவிடும். அதனை உயிருள்ள மாடாகக் கற்பனை செய்யும் பிள்ளைக்கோ அது எட்டு மடங்காகத் தோன்றும். நொய்ராத் அதனை நீக்கினார். ஒரு குறிக்கு 50 மாடு என்று வைத்தால் முதல் வரிசையில் இரண்டு குறி. அடுத்த வரிசையில் நான்கு குறி. எண்ணத் தெரிந்த எவரும் ஏமாறார்.

மற்ற விதிகளும் இதனையொட்டியவையே. குறி பார்த்தவுடன் விளங்கவேண்டும். எல்லாக் குறியும் ஒரே அளவில் இருத்தல் வேண்டும். வண்ணம் அழகுக்காக அன்றிப் பொருளுக்காக வரவேண்டும். வேண்டாத அணி எதுவும் கூடாது. துல்லியமான எண்ணைப் படித்து மறப்பதினும், எளிமையாக்கிய படத்தைக் கண்டு நினைவில் இருத்துவது மேல் என்பது அவர்தம் கருத்து.

இடைநின்ற அம்மையார்

இப்பணியில் நொய்ராத்துக்குத் துணைநின்றவர் இருவர். குறிகளை வரைந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்னும் ஓவியர்; ஏறத்தாழ 4,000 குறிகளை அவர் ஆக்கினார். மற்றொருவர் மரீ ரைடமைஸ்டர் அம்மையார். 1898-இல் பிறந்து, கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணக்கும் இயற்பியலும் பயின்றவர்.

மரீ அம்மையார் செய்த பணிக்கு அதற்குமுன் பெயரே இல்லை. புள்ளியியல் அறிஞர் எண்ணைத் தருவர். ஓவியர் படத்தை வரைவர். இருவர்க்கும் இடையே நின்று, இந்த எண்களில் சொல்லத்தக்க செய்தி எது, விடத்தக்கது எது, எதனை எதனோடு ஒப்பிடவேண்டும் என்று தேர்ந்து அமைப்பவர் ஒருவர் தேவை. அவரை உருமாற்றுநர் என்று அழைத்தனர். அறிஞர் சொல்வதைக் கேட்டு, அறியாதார் சார்பில் நின்று, இருவர்க்கும் நேர்மையாக நடப்பது அவர் கடமை. கூர்ந்து நோக்கின் இஃது ஆசிரியர் பணியேயன்றி வேறன்று.

அக்குழுவினர் 1930-இல் 100 படங்கள் கொண்ட பெருந்தொகுதி ஒன்றை வெளியிட்டனர். அதில் இங்கிலாந்தின் நெசவுத்தொழிலைக் காட்டும் படம் பெயர்பெற்றது. 1820 முதல் 1880 வரை வரிசைகள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. வீட்டிலிருந்து நெய்வோரைக் குறிக்கும் உருவங்கள் வரிசைதோறும் குறைந்து மறைகின்றன. ஆலையில் நெய்வோரைக் குறிக்கும் உருவங்கள் பெருகுகின்றன. துணியைக் குறிக்கும் உருளைகளோ அவ்விரண்டினும் விரைந்து பெருகுகின்றன. ஒரு சொல்லும் இன்றி, ஒரு தொழிற்புரட்சியின் ஆக்கமும் அழிவும் ஒரே தாளில் நிற்கின்றன. ஏன் இப்படி ஆயிற்று என்று பிள்ளை கேட்கும். அக்கேள்வியை எழுப்புவதே படத்தின் வேலை. விடை கூறுவது வகுப்பின் வேலை.

சிறுவர்க்கென்று 1929-இல் தனிநூல் ஒன்றையும் அவர்கள் வெளியிட்டிருந்தனர். 1933-இல் நொய்ராத் வியன்னா முறையைப் பள்ளியில் கையாளுவது பற்றியே ஒரு நூல் எழுதினார். பிள்ளைகள் பிறர் வரைந்த படத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், வண்ணத்தாளில் குறிகளை வெட்டி ஒட்டித் தாமே படம் ஆக்குவது இம்முறைக்கு ஏற்ற பயிற்சி. தாளை மடித்து ஒருமுறை வெட்டினால் ஒரே அளவுள்ள குறிகள் பல கிடைக்கும். ஓவியம் வராத பிள்ளையும் இதனைச் செய்யலாம். ஒரே அளவு என்னும் விதியைப் பிள்ளையின் கையே கற்றுக்கொள்ளும்.

நாடு கடந்த முறை

1934 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டு மாநகராட்சி கலைக்கப்பட்டது. அருங்காட்சியகமும் உடன் வீழ்ந்தது. அப்போது மாஸ்கோவில் இருந்த நொய்ராத் நாடு திரும்பின் சிறைப்படுவார் என்பது தெளிவாயிற்று. ஆகவே அவரும் குழுவினரும் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் தங்கினர். வியன்னா முறை என்ற பெயர் அங்குப் பொருந்தாதாகலின், 1935-இல் ஐசோடைப் என்னும் புதுப்பெயர் சூட்டப்பட்டது.

ஆறாண்டுகளில் அவ்விடமும் பறிபோயிற்று. 1940 மே மாதம் ஜெர்மானியப் படை நெதர்லாந்தில் புகுந்தபோது, நொய்ராத்தும் மரீயும் நெரிசல் மிகுந்த உயிர்காப்புப் படகு ஒன்றில் ஏறிக் கடல்கடந்து தப்பினர். இங்கிலாந்தில் அவர்களைப் பகைநாட்டினர் என்று கருதிக் காவலில் வைத்தனர். 1941-இல் விடுதலைபெற்ற இருவரும் மணம்புரிந்துகொண்டனர். 1942-இல் ஆக்ஸ்போர்டு நகரில் தம் நிலையத்தை மீண்டும் நிறுவினர். 1945 டிசம்பரில் நொய்ராத் காலமானார்.

மரீ அம்மையார் பணியை விடவில்லை. அவர் தலைமையில் 80-க்கும் மேற்பட்ட சிறுவர் நூல்கள் வெளிவந்தன. 1950-களில் விடுதலையை எதிர்நோக்கியிருந்த மேற்கு நைஜீரியாவுக்குச் சென்று கல்வி, நலவாழ்வு, வாக்களிப்பு ஆகியவற்றை விளக்கும் படநூல்களை ஆக்கினார். 1971-இல் பணி ஓய்வு பெற்று, தம் குழுவின் ஏடுகள் அனைத்தையும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். 1986-இல் மறைந்தார். வீடிழந்து நாடிழந்து அலைந்த ஒரு குழு, வெட்டிய காகிதக் குறிகளையும் ஒரு கொள்கையையும் கைவிடாது காத்தது என்பதை எண்ணும்போது, அக்கொள்கையின் விலை விளங்கும்.

மீண்டும் பிள்ளைகளிடம்

1960-களில் தொடக்கக் கல்வியில் புதிய எழுச்சி தோன்றியது. இங்கிலாந்தில் 1964-இல் நஃபீல்டு கணக்குத் திட்டம் தொடங்கியது. 5 வயது முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகள் செய்து கற்கவேண்டும் என்பது அதன் கொள்கை. ஆசிரியர்க்கென அது வெளியிட்ட வழிகாட்டி நூல்களுள் ஒன்று முழுவதும் படவிளக்கம் பற்றியது. பள்ளிக் கண்காணிப்பாளரான எடித் பிக்ஸ் அம்மையார் 1965-இல் எழுதிய தொடக்கப்பள்ளிக் கணக்கு நூலும் இவ்வழியை ஊக்கியது. அமெரிக்காவில் கணக்காசிரியர் தேசியக் கழகம் 1989-இல் வெளியிட்ட பாடத்திட்ட நெறிகளில், தொடக்க வகுப்புகளுக்கும் புள்ளியியல் உரியது என்று வரையறுத்தது.

இம்முயற்சிகளின் பயனாய்த் தெளிவுற்ற படிமுறை ஒன்று உண்டு. முதலில் பொருள், அடுத்துப் படம், அடுத்துக் கட்டம், இறுதியில் பட்டை. ஒரு வகுப்பில் 34 பிள்ளைகள் உளர் என்க. அவர்கள் பள்ளிக்கு எவ்வாறு வருகின்றனர் என்பது கேள்வி. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு வெற்றுத் தீப்பெட்டியைக் கொடுத்து, நடந்து வருவோர், பேருந்தில் வருவோர், மகிழுந்தில் வருவோர், மிதிவண்டியில் வருவோர் என்று நான்கு இடங்களில் அடுக்கச் செய்யலாம். அடுக்கு உயரும்போதே பிள்ளைகள் ஒப்பிடத் தொடங்கிவிடுவர். ஒரு பெட்டி ஒரு பிள்ளை என்பதை எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. மறுநாள் பெட்டிக்குப் பதில் ஒரே அளவான காகிதத் துண்டு. பின்னொருநாள் தாளில் வரைந்த கட்டம். முடிவில் பட்டையும் பக்கத்தில் எண்ணும்.

இதில் மிகுந்த பயன் தருவது வரையும் வேலை அன்று, வகைப்படுத்தும் வேலை. பாதித் தொலைவு நடந்து, பின்னர்ப் பேருந்து ஏறிவரும் பிள்ளை தன் பெட்டியை எங்கே வைப்பது? அவன் இரண்டு பெட்டி வைக்கலாமா? வைத்தால் மொத்தம் 34-க்கு மேற்படுமே! படகில் வரும் ஒரே ஒரு பிள்ளைக்குத் தனியிடம் வேண்டுமா, 'பிற' என்று ஒன்று வகுக்கலாமா? இக்கேள்விகளை ஆசிரியர் தாமே தீர்த்துவைத்து அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிவிட்டால், பாடத்தின் உயிரையே எடுத்துவிட்டவராவார். மரீ அம்மையார் செய்த பணியைப் பிள்ளைகளே செய்யவேண்டிய இடம் இதுவே.

படத்தைப் படிப்பதும் மொழிப்பாடமே

பிரான்சிஸ் கர்சியோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வரைபடத்தைப் படிப்பதில் மூன்று நிலைகளைப் பிரித்துக்காட்டினார். படத்தில் உள்ளதை உள்ளவாறு படிப்பது முதல்நிலை. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் படிப்பது இரண்டாம் நிலை. படத்துக்கு அப்பால் சென்று உய்த்துணர்வது மூன்றாம் நிலை.

முன்னர்க் கூறிய வகுப்பில் பேருந்தில் வருவோர் 13, நடந்து வருவோர் 8 என்று வைத்துக்கொள்க. பேருந்தில் வருவோர் எத்தனைபேர் என்றால் பிள்ளை தயங்காமல் 13 என்னும். நடந்து வருவோரைவிடப் பேருந்தில் வருவோர் எத்தனைபேர் மிகுதி என்று கேட்டாலும் பல பிள்ளைகள் 13 என்றே விடையிறுப்பர். பதின்மூன்றில் எட்டைக் கழிக்கத் தெரியாமையால் நேர்ந்த பிழையன்று இது. 'விட' என்னும் இடைச்சொல் இரண்டையும் அருகருகே நிறுத்தி வேறுபாட்டைக் கேட்கிறது என்பது விளங்காமையால் நேர்ந்தது. அடுக்கிய தீப்பெட்டிகளை அருகருகே நகர்த்தி, எட்டுக்கு மேல் நிற்கும் ஐந்து பெட்டிகளைக் கையால் தொட்டுக்காட்டச் செய்தால், எண்ணும் விளங்கும், 'விட' என்னும் சொல்லும் விளங்கும். ஆதலின் குறிவரைவு கணக்காசிரியர்க்கு மட்டும் உரிய பாடமன்று. தமிழாசிரியர்க்கும் அதில் பங்குண்டு.

மூன்றாம் நிலைக் கேள்விகளே பிள்ளையைச் சிந்திக்கச் செய்யும். மழைநாளில் இக்கணக்கு மாறுமா? அடுத்த வகுப்பிலும் இவ்வாறே இருக்குமா? பேருந்து ஒருநாள் வராவிடில் எத்தனைபேர் வருகை தடைப்படும்? இவற்றுக்குப் படத்தில் நேரடியான விடையில்லை. படத்தை ஆதாரமாகக் கொண்டு பேசவும் எழுதவும் வேண்டும். 'எனக்குத் தோன்றுகிறது' என்று சொல்லிவந்த பிள்ளை, 'இக்கணக்கின்படி' என்று சொல்லத் தொடங்கும். அது சிறிய மாற்றமன்று.

ஏமாறாக் கண்

2020-இல் பெருந்தொற்று பரவியபோது மலேசியாவில் மார்ச் 18 முதலும் சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதலும் மக்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்க நேர்ந்தது. அந்நாள்களில் வீடுதோறும் நோயுற்றோர் எண்ணிக்கையைக் காட்டும் கோடுகளையும் பட்டைகளையும் மக்கள் பார்த்தனர். கோடு வளைந்து தாழ்வது எப்போது என்று முதியோரும் கேட்டனர். படிக்கத் தெரிந்தவர்க்கு அப்படம் எச்சரிக்கையாயிற்று, தெரியாதவர்க்கு அச்சமாயிற்று. ஒரு நாட்டு மக்களின் உயிரும் ஒரு வரைபடத்தைப் படிக்கும் ஆற்றலைச் சார்ந்து நிற்கக்கூடும் என்பது வெளிப்படையாயிற்று.

இன்று கைப்பேசியில் நாள்தோறும் எத்தனையோ பட்டைகள் பிள்ளைகளின் கண்முன் தோன்றி மறைகின்றன. 48-ஐயும் 50-ஐயும் குறிக்கும் இரண்டு பட்டைகளைச் சுழியிலிருந்து தொடங்காமல் 45-இலிருந்து தொடங்கி வரைந்தால், ஒன்று மூன்று பங்கு உயரமாகவும் மற்றொன்று ஐந்து பங்கு உயரமாகவும் நிற்கும். சிறிய வேறுபாடு பெரிய வெற்றியாகத் தோன்றும். எண் பொய்யன்று, படமே பொய். பொருள் விற்போரும் வாக்குக் கேட்போரும் இதனை அறியாதவரல்லர்.

இதனைக் கண்டறியும் கண் தானே அமைவதில்லை. தன் கையால் தீப்பெட்டி அடுக்கிய பிள்ளை, ஒரு பெட்டிக்கு ஓராள் என்னும் நேர்மையை அறியும். அடியிலுள்ள பெட்டிகளை மறைத்துவிட்டு மேலுள்ளவற்றை மட்டும் காட்டினால், 'மற்றப் பெட்டிகள் எங்கே?' என்று அது கேட்கும். ஆசிரியர் வரைந்த படத்துக்கு வண்ணம் மட்டும் தீட்டிய பிள்ளைக்கு அக்கேள்வி தோன்றாது.

ஸ்காட்லாந்தில் ஓர் அண்ணன் தம்பிக்கு வெப்பமானியைத் தந்ததும், வியன்னாவில் ஓர் அறிஞர் தொழிலாளர்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுள்ள குறிகளைத் தந்ததும் ஒரே நோக்கம் பற்றியே: அறிந்தார் சொல்வதை நம்பியிராமல், தாமே எண்ணி, தாமே வகுத்து, தாமே கண்டு தெளியவேண்டும் என்பது அது. வண்ணப்பெட்டியை எடுக்குமுன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து எண்ணிவரச் சொல்லும் ஆசிரியர் எவரோ, அவரே அந்த நெடிய மரபின் இன்றைய வழித்தோன்றல் ஆவார்.